லா பாஹியா கோட்டைக்குள் ஒரு ராத்திரி

ஹூஸ்டன்காரன்:
டெக்சாஸில் இருக்கிற கோலியாட் ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கிருக்கிற லா பாஹியா கோட்டைக்குள்ளேயே ராத்தங்கலாம். பாதிரியார்கள் இருந்த பழைய குடியிருப்பை வாடகைக்கு விடுகிறார்கள். போன வருஷம் குடும்பத்தோடு போனோம். சாயங்காலம் ஊழியர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதும் அவ்வளவு பெரிய முற்றத்தில் நாங்கள் மட்டும்தான். சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்கலாமென்று ஒரு நாற்காலியைத் தேவாலயத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். சும்மா இருக்காமல் போனில் வரலாற்றைப் படித்தேன். 1836 மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு. மெக்சிகோவிலிருந்து பிரிந்துபோகச் சண்டை போட்டுச் சரணடைந்த டெக்சாஸ்காரர்களை, மெக்சிகோ படை மூன்று கூட்டமாகப் பிரித்து வெளியே கூட்டிப்போய்ச் சுட்டிருக்கிறது. காலில் காயம்பட்டிருந்த அவர்களுடைய தளபதி ஃபேனினைக் கடைசியில், இதே முற்றத்தில், நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணைக் கட்டிச் சுட்டார்கள். முகத்தில் சுட வேண்டாமென்று கேட்டாராம். முகத்தில்தான் சுட்டார்கள்.

படக்கென்று எழுந்து உள்ளே போய்விட்டேன். நாற்காலியைத் தொட மனசு வரவில்லை. விடிந்து பார்த்தால் பனியில் நனைந்து, தேவாலயத்தைப் பார்த்தபடி அப்படியே இருக்கிறது.

பழங்கல்:
எல்லோரும் ஃபேனினையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அவர் அங்கே இருந்தது சில வாரம். ஸ்பானியச் சிப்பாய்கள் 1749இல் இந்த இடத்துக்கு வந்தவர்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்து காவல் காத்த அவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா? இன்னொன்று, நீங்கள் பார்த்த மதில் 1960களில் திரும்ப எழுப்பியது. தேவாலயம்தான் நிஜமாகவே பழசு. எனக்கே அது தெரியாது. சுவரில் கை வைத்து மகளிடம், “இருநூறு வருஷம்டா!” என்று அளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர், “இதைக் கட்டும்போது எங்கப்பா கல் சுமந்தார்” என்றார். கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டேன். மகள் இன்னும் விடவில்லை, எங்கே பழைய கட்டடத்தைப் பார்த்தாலும், “யாரோட அப்பா கட்டினது?” என்கிறாள்.

ரோட்டுராஜா:
நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்துகொண்டிருந்தது, அரைக்கால் சட்டையோடு நுழைந்து அசடு வழிந்தேன். அவ்வளவுதான். போகிறவர்களுக்குச் சில விஷயம். ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள், முற்றத்தில் ஒதுங்க நிழல் குறைவு. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். புல்லில் செருப்பில்லாமல் கால் வைக்க வேண்டாம், செவ்வெறும்பு பிடுங்கிவிடும். மார்ச் கடைசியில் அந்தப் படுகொலையை நடித்துக் காட்டுவார்கள், அறை வேண்டுமானால் முன்னாடியே சொல்லி வையுங்கள். பக்கத்திலேயே மெக்சிகோ தளபதி சரகோசா பிறந்த இடம் இருக்கிறது, 1862 மே 5 அன்று மெக்சிகோவின் பூயெப்லா நகரில் பிரெஞ்சுப் படையை முறியடித்தவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எஸ்பிரிட்டு சாண்டோ மிஷன், ஸ்பானியப் பாதிரியார்கள் மதம் பரப்ப வைத்திருந்த இடம், அதுவும் திரும்பக் கட்டியதுதான், பழங்கல் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் உத்தமம்.

ஹூஸ்டன்காரன்:
பழங்கல் அண்ணே, மதில் புதுசாகவே இருக்கட்டும், நான் உட்கார்ந்தது முற்றத்தில். ரோட்டுராஜா, செருப்பு போட்டிருந்தேன், எறும்பு கடிக்கவில்லை. நாற்காலியைக் காலையில் என் மனைவிதான் துடைத்து உள்ளே வைத்தாள். அவளிடம் நான் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.