2.7 கி.மீ. விமானப் பயணம்: நேரக் கணக்கு தெரிஞ்சவங்க உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில இருக்கோம். ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளை எடுத்திருக்கா. அங்க வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரேன்னு ரெண்டு குட்டித் தீவு. நடுவுல சுமார் 2.7 கி.மீ. தான். காட்பாடி ஜங்ஷன்லேர்ந்து வேலூர் கோட்டைக்குப் போற தூரத்துல பாதிகூட இல்ல! 1967லேர்ந்து லோகன்ஏர் அதுக்கு விமானம் விடுறாங்க. எட்டுப் பேர் உட்கார்ற சின்ன ஐலாண்டர் விமானம். உலகத்துலயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை இதுதான்.

சந்தேகம் இங்கதான். மணிக்கு 240 கி.மீ. வேகம்னு வச்சா 40 விநாடிதான் வருது. ஆனா அட்டவணையில 2 நிமிஷம். சாதனை நேரமே 53 விநாடி. மேல ஏற, வேகம் குறைச்சு இறங்க ஆகுற நேரம்தான் காரணம்னு சொன்னேன்; "அப்போ எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டுங்கப்பா"ன்னு நோட்டை நீட்டுறா. நியாயமான கேள்வி.

விமானத் துறையில இருக்கிற அண்ணன், அக்கா யாராவது இருந்தா சொல்லுங்க: ஓடுபாதையில ஓடுற நேரமும் அந்த 2 நிமிஷத்துல சேருமா? எதிர்காத்து அடிச்சா எவ்வளவு கூடும்? ஒன்பதாவது பிள்ளைக்குப் புரியற மாதிரி இருந்தா ரொம்ப நல்லது. திங்கட்கிழமை கொடுக்கணும்.