மூக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

அக்காமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தங்கச்சிக்குத் தை மாதம் கலியாணம். அதற்கு முதல் கொழும்பில் மூக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மூக்கில் ஒரு குறையும் இல்லை என்பது என் கட்சி. ஆனால் மூக்கு அவளுடையது.

என் பயம் வேறு. காது குத்திய இடத்தில் அவளுக்குத் தழும்பு உருண்டையாக வளர்ந்திருக்கிறது, கீலொய்ட் என்பார்களே, அதுதான். அப்படிப்பட்டவர்களுக்கு வெட்டும் இடத்திலும் தழும்பு தடிக்கலாம். மூக்கின் உள்பக்கமாக வெட்டிச் செய்யும் முறையும் இருக்கிறது, வெளியே தழும்பு தெரியாது. கீலொய்ட் உள்ள யாராவது அப்படிச் செய்துகொண்டீர்களா? சர்ஜன் என்ன சொன்னார்?

வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். கலியாணப் படத்தில் வீங்கிய மூக்குத்தான் இருக்கும் என்றால் கேட்கிறாள் இல்லை.

டொக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா, பிளாஸ்டிக் சர்ஜரி விசேட நிபுணரா என்று பார்ப்போம். மயக்க மருந்து கொடுப்பவர் யார், சரிவராவிட்டால் மறுபடி செய்ய யார் காசு என்றும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வேறென்ன கேட்க வேண்டும்?

அப்புறம் பயணம். மூக்கின் மேல் வைக்கும் பட்டையைக் கழற்ற ஒரு வாரமளவில் திரும்பப் போக வேண்டுமே. கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் ஆடிக்கொண்டு வரலாமா, அல்லது அதுவரை கொழும்பிலேயே தங்கினீர்களா?