கலைச்சொல்: ‘டீஆதரைஸ்’ – ரத்தா, விலக்கா, அவிழ்ப்பா?

வணக்கம்.

பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பூட்டுள்ள, அதாவது அனுமதி பெற்ற கணினியில் மட்டும் பாடும் பாடல்களைப் புதுக் கணினிக்குக் கொண்டுபோகும் பக்கத்தில் ‘ஆதரைஸ்’ (கணினிக்கு அந்த அனுமதியைத் தருவது), ‘டீஆதரைஸ்’ (அதைத் திரும்ப எடுப்பது) என்று இரண்டு கட்டளைகள். முன்பு மொழிபெயர்த்தவர் ‘அங்கீகரி’, ‘அங்கீகாரத்தை ரத்து செய்’ என்று போட்டிருக்கிறார். முதலாவது போகட்டும். இரண்டாவதை அழுத்த எனக்கே கை வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய பாட்டெல்லாம் போய்விடும் என்றுதானே தோன்றுகிறது?

நடப்பது வேறு. பாட்டுக் கோப்பு எப்போதும்போல நகலாகும். பென் டிரைவில் போட்டு எடுத்துப்போகலாம். நகலாகாதது அதைத் திறக்கும் சாவி. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் பாட்டுக் கடை 2003 முதல் விற்ற எம்4பி வகைக் கோப்புகளில் ஃபேர்பிளே என்ற பூட்டு இருந்தது. ஒரு கணக்குக்கு முதலில் 3 கணினிகள், 2004இலிருந்து 5. புதுக் கணினியில் பாட்டை ஓட்டினால் கணக்கும் கடவுச்சொல்லும் கேட்கும். கொடுத்ததும் அந்தக் கணினி ஐந்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பழையதில் டீஆதரைஸ் செய்தால் அதன் இடம் காலியாகும். பாட்டு அழியாது; பூட்டுள்ளவை அந்தக் கணினியில் மட்டும் பாடாது, அவ்வளவுதான்.

பயந்துபோய் இதைச் செய்யாமல் பழைய கணினியை விற்றவருக்கு ஓர் இடம் நட்டம். விண்டோஸை மறுபடி நிறுவினால் ஒரே கணினி இரண்டு இடத்தைப் பிடிப்பதும் உண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காலி செய்யலாம், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான்.

ஆகவே என் முன்மொழிவு: ‘பிணை’, ‘பிணைப்பை அவிழ்’. முடிச்சை அவிழ்த்தால் கயிறும் இருக்கும், மாடும் இருக்கும். வேறு முளையில் கட்டிக்கொள்ளலாம். ‘விடுவி’ என்றும் யோசித்தேன். யாராவது ‘பாடலை விடுவி’ என்று சுருக்கிவிட்டால் பூட்டையே உடைப்பது என்றாகிவிடும். அது வேறு வேலை, வழக்கிலும் கொண்டுபோய் விடும்.

---

தம்பி,

‘ரத்து’ வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ‘பிணை’ என்றதும் நீதிமன்ற வாசல்தான் கண்முன் வருகிறது. ‘அவிழ்’ ஏற்கெனவே ஜிப் கோப்புக்குப் போய்விட்டது, பொதி அவிழ்த்தல் என்று. ‘சேர்’, ‘விலக்கு’ போதாதா? சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இன்னொன்று. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மீடியா வகைப் பாடல்களை மறந்துவிட்டீர்கள். அங்கே உரிமம் பாட்டுக்கு வெளியே, கணினியோடு கட்டுண்டு கிடக்கும். மீடியா பிளேயர் 10 வரை அந்த உரிமங்களைக் காப்பெடுத்து வைக்க வழி இருந்தது. 11இல் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு கடையிடம்தான் மறுபடி கேட்க வேண்டும். கடையே இல்லையென்றால்? மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடை தன் உரிம வழங்கியை (உரிமம் தரும் சர்வரை) 2008 ஆகஸ்டோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2011 இறுதிவரை தள்ளிவைத்தது. வழங்கி நின்றபின் இருக்கிற கணினியில் பாடும், புதியதில் பாடாது. உங்கள் ‘அவிழ்’ அங்கே எப்படிப் பொருந்தும்? முடிச்சுப் போட்டவர் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாரே!

---

அக்கா,

‘கணினியோடு கட்டுண்டு’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் சொல்லும் பிணைப்பும் அதுதானே? அவிழ்க்க முடியாத முடிச்சும் முடிச்சுதான்.

‘சேர்’ நல்ல சொல், சிக்கல் இடத்தில் இருக்கிறது. அதே பட்டியில் (மெனுவில்) ‘பாடலைச் சேர்’, ‘நூலகத்தில் சேர்’ எல்லாம் உண்டு. நடுவே ‘கணினியைச் சேர்’ என்றால் யார் கண்ணில் படும்? ‘விலக்கு’ இன்னும் மோசம். வரிவிலக்குப்போல, இந்தக் கணினிக்குப் பூட்டிலிருந்து விலக்கு கிடைக்கிறது என்று ஒருவர் சந்தோஷமாக அழுத்திவிடுவார். ஜாமீன் நெடி அடிப்பது உண்மைதான். அதற்காக ‘கட்டு’ என்று வைத்துப் பார்த்தேன். ‘கணினியைக் கட்டு’ என்றால் அட்டைப் பெட்டியைத் தேடுவார்கள்.

ஐட்யூன்ஸில் விற்கும் பாடல்களுக்குத்தான் 2009இல் பூட்டே போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தச் சொல் என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். முன்பு வாங்கிய கோப்புகள் பூட்டோடுதான் இன்னும் கிடக்கின்றன. சந்தாவில் இறக்கும் பாட்டுக்கும் பூட்டு உண்டு, மின்னூல்களிலும் இதே கட்டளை வருகிறது.

இப்போதைக்குப் பட்டியில் ‘கணினியைக் கணக்கோடு பிணை’, ‘பிணைப்பை அவிழ்’ என்று இடுகிறேன். இரண்டாவதன் கீழே சிறிய எழுத்தில் ‘பாடல்கள் அழியாது’ என்று ஒரு வரி. பெயர்ச்சொல்தான் மாட்டிக்கொண்டது. ‘பிணைப்பவிழ்ப்பு’ என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன், நாக்குத்தான் பிணைந்தது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.