கார்பன் மோனாக்சைடு லூயிஸ் அமைப்பு: கார்பனுக்கு எட்டு வர மாட்டேங்குது

அரூர் பிளஸ் ஒன்:
தமிழ் வழி, வேதிப் பிணைப்புகள் பாடம். நீர், அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றுக்கும் லூயிஸ் அமைப்பை (எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) வரைந்துவிடுகிறேன். கார்பன் மோனாக்சைடில்தான் மாட்டிக்கொள்கிறேன். கார்பனுக்கு 4, ஆக்சிஜனுக்கு 6, மொத்தம் 10 இணைதிறன் (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்கள். நடுவில் இரட்டைப் பிணைப்பு, ஆக்சிஜன் மேல் இரண்டு தனித்த இரட்டைகள் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள்), கார்பன் மேல் ஒன்று. பத்தும் சரியாக வருகிறது, ஆனால் எண்ம விதிப்படி 8 வர வேண்டிய கார்பனைச் சுற்றி 6தான். இன்னும் 2 புள்ளி வைத்தால் மொத்தம் 12 ஆகிவிடுகிறது. யாராவது சொல்லுங்களேன்.

பாலக்கோடு வேதியியல்:
வெளியிலிருந்து புள்ளி கொண்டுவரக் கூடாது மா. ஆக்சிஜன் மேல் இருக்கும் தனித்த இரட்டைகளில் ஒன்றை நடுவில் தள்ளிவிடு. முப்பிணைப்பு ஆகிவிடும், இரண்டு அணுக்களிலும் ஆளுக்கொரு தனித்த இரட்டை மிஞ்சும். இப்போது எண்ணிப் பார், இரண்டு பக்கமும் 8. நைட்ரஜன் மூலக்கூறிலும் இதே 10தான், படமும் இதே படம்தான்.

அரூர் பிளஸ் ஒன்:
ஆக்சிஜனுக்கு இரண்டு பிணைப்புதானே சார்? மூன்று போட்டால் மார்க் போய்விடாதா?

பாலக்கோடு வேதியியல்:
போகாது. ஹைட்ரோனியம் அயனியில் ஆக்சிஜன் மூன்று ஹைட்ரஜனைப் பிடித்திருக்கிறதே. இரண்டு என்பது மின்சுமை இல்லாத ஆக்சிஜனுக்குப் பொருந்தும். இங்கே மூன்றாவது பிணைப்புக்கு இரண்டு எலக்ட்ரானையும் ஆக்சிஜனே தருகிறது, அதாவது ஈதல் சகப்பிணைப்பு. முறைசார் மின்சுமையும் போட்டுக் காட்டிவிடு: இணைதிறன் எலக்ட்ரானிலிருந்து தனித்தவற்றைக் கழி, பிணைப்பில் உள்ளவற்றில் பாதியையும் கழி. கார்பன் 4 − 2 − 3 = −1. ஆக்சிஜன் 6 − 2 − 3 = +1. கூட்டினால் பூஜ்ஜியம்.

அரூர் பிளஸ் ஒன்:
எட்டு வந்துவிட்டது சார், நன்றி! ஆனால் எலக்ட்ரான் கவர்தன்மை ஆக்சிஜனுக்குத்தானே அதிகம். அதற்குப் போய் +1?

ஓசூர் லேப்:
நல்ல கேள்வி தங்கச்சி. முறைசார் மின்சுமை வெறும் கணக்குதான், பிணைப்பு எலக்ட்ரான்களைச் சரிபாதியாகப் பங்கு போடுகிறோம். நிஜத்தில் ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட அடிபட்டுப்போவதால் இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறின் இரு முனைகளிலும் மின்சுமை எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பதன் அளவு) சுமார் 0.1 டிபைதான். வேடிக்கை என்னவென்றால் அந்தத் துளியிலும் எதிர்முனை கார்பன் பக்கம்தான். முப்பிணைப்புக்குச் சாட்சி வேண்டுமா? பிணைப்பு நீளம் 113 பைக்கோமீட்டர். இரட்டைப் பிணைப்புள்ள ஃபார்மால்டிஹைடில் சுமார் 121.

கார்பன் மேல் நீ வைத்த அந்தத் தனித்த இரட்டையை லேசாக நினைக்காதே. அதை வைத்துத்தான் இந்த வாயு ஹீமோகுளோபினில் உள்ள இரும்பைப் பிடிக்கிறது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக. எங்கள் தளி பக்கம் மார்கழிக் குளிருக்கு யாராவது கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தால் தூக்கத்திலேயே ஆளைக் கொல்வது இதுதான்.

பென்னாகரம் பையன்:
இடையில் ஒரு சந்தேகம். நைட்ரிக் ஆக்சைடுக்கு 5 + 6 = 11. எப்படிச் சுற்றினாலும் ஒன்று தனியாக நிற்கிறது.

பாலக்கோடு வேதியியல்:
நிற்கட்டும் தம்பி. ஒற்றைப்படை என்றால் எல்லாருக்கும் எட்டு கிடைக்காது. இரட்டைப் பிணைப்பு போடு, ஆக்சிஜனுக்கு 4 புள்ளி, நைட்ரஜனுக்கு 3. ஒற்றை எலக்ட்ரானை நைட்ரஜன் மேல் வைத்தால் இரண்டுக்கும் முறைசார் மின்சுமை பூஜ்ஜியம். இடம் மாற்றி ஆக்சிஜன் மேல் வைத்துக் கணக்குப் போட்டுப் பார், −1, +1 என்று வரும்.