துவாலு: மூழ்குவதற்குள் ஒருமுறை போகலாமா?

கடலோடி:
அடுத்த ஆண்டு துவாலு போகலாம் என்றிருக்கிறேன். பசிபிக் கடலில் பிஜிக்கு வடக்கே இருக்கும் குட்டி நாடு. ஒன்பது தீவு, எல்லாம் சேர்த்தே 26 சதுர கிலோமீட்டர்தான். கடல் மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும். போனவர்கள் யாராவது உண்டா?

செம்பருத்தி:
சாகக் கிடக்கிறவரைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போகிற மாதிரி பேசுகிறீர்கள். நீங்கள் ஏறும் விமானத்தின் புகையும் சேர்ந்துதானே அந்தக் கடலை ஏற்றுகிறது? அங்கே ஆறு கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள். 2011இல் மழை பொய்த்து நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். அங்கே போய் இரண்டு வேளை ஷவரில் நிற்கப் போகிறீர்களா?

பாய்மரம்:
நான் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தவன். தண்ணீர் விஷயம் உண்மை. தங்கிய வீட்டில் குளிக்க ஒரு வாளிதான். ஆனால் ‘சாகக் கிடக்கிற ஊர்’ என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். தலைநகர் ஃபுனாஃபூட்டியில் விமானம் வருமுன் சங்கு ஊதும், ஓடுதளத்தில் இருப்பவர்கள் விலகிக்கொள்வார்கள். போர்க்காலத்தில், 1943இல், அமெரிக்கப் படை போட்ட தளம் அது. சாயங்காலம் அங்கேதான் கைப்பந்து, ரக்பி, வண்டி பழகும் பையன்கள் எல்லாம். புழுக்கமான இரவில் பாயை விரித்துப் படுத்தும் விடுவார்கள். சங்கு விமானத்துக்குத்தான், ஊருக்கே ஊதிவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மூழ்குகிறது என்பதே சரியா? 2018இல் வந்த ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வின்படி, 1971க்கும் 2014க்கும் இடையில் துவாலுவின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது.

செம்பருத்தி:
பரப்பு கூடியது, சரி. அலை பவளத்தூளையும் மணலையும் கொண்டுவந்து கரையில் போடுகிறது. அதற்காகக் கிணற்றில் உப்பு ஏறாமல் இருக்குமா? ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேற 2023இல் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்த மக்களே பதினோராயிரத்தை ஒட்டித்தான். யார் போவது என்று குலுக்கிப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். முதல் குலுக்கலுக்கே பாதிப் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள்.

பாய்மரம்:
உப்பு பற்றிச் செம்பருத்தி சொல்வதை மறுக்க மாட்டேன், கண்ணால் பார்த்தேன். பெரிய ஓதம் வரும் பிப்ரவரியில்தான் போயிருந்தேன். கடல் கரையைத் தாண்டி வரவேயில்லை. வீட்டு முற்றத்தில், தரைக்கு அடியிலிருந்தே தண்ணீர் குமிழ்விட்டு ஊறியது! பவளப்பாறை சல்லடை மாதிரிதானே. வீட்டுக்கார அம்மா புலாக்கா குழியைக் காட்டினார். நம்ம சேம்பு இனம், ஆள் உயர இலை. உப்பு ஏறி ஓரமெல்லாம் கருகியிருந்தது. இப்போது கடை அரிசிதான் என்றார். அவர் தம்பியோ காலையும் மாலையும் தென்னையில் ஏறிப் பாளை சீவுகிறார். அங்கே கள்ளுக்குப் பெயர் கலேவே!

பெயர் கொடுத்தவர் எல்லாரும் ஊரைக் கைகழுவிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்பு, வைத்தியம், வேலை என்று ஆயிரம் காரணம். நாட்டுக்கு வரும்படி சூரை மீன்பிடி உரிமத்திலும் அந்த நாட்டுக்கென்று உள்ள டாட் டிவி (.tv) இணைய முகவரியை வெளியாருக்கு விடுவதிலும்தான். பயணிகளை நம்பி அரசாங்கம் இல்லை. ஆனால் நான் கொடுத்த வாடகை நேரே அந்த அம்மா கைக்குத்தான் போனது.

கடலோடி:
அப்புறம், கார்டு செல்லுமா?

பாய்மரம்:
ஆஸ்திரேலிய டாலரை நோட்டாகவே கொண்டுபோங்கள். ஏடிஎம்மே 2025இல்தான் வந்தது.

செம்பருத்தி:
போவது என்று முடிவாகிவிட்டது போல. காலி பாட்டில், பேட்டரி எல்லாவற்றையும் பெட்டியிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். அங்கே குப்பை கொட்டுவதும் தலைநகர் இருக்கும் அந்த ஒல்லித் தீவின் வடக்கு முனையில்தான்.