வீட்டிலேயே படிக்க வைப்பவர்களுக்குக் குறைந்தபட்ச விதி வேண்டுமா? உங்கள் அனுபவம் என்ன?

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒரே ஒருவன் பள்ளிக்கே போகாதவன். இங்கே 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். வீட்டில் கற்பிக்க வேண்டுமானால் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். பாடத்திட்டம், பெற்றோர் என்ன படித்தவர்கள் என்பதெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை. அவன் அம்மாவின் கோப்பைத் தூக்கவே இரண்டு கை வேண்டும்.

கடைசியில் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேசியத் தேர்வு. அந்த ஆண்டு பள்ளிகளிலிருந்து எழுதியவர்களை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தினால், கீழே உள்ள மூன்றில் ஒரு பங்கினரைத் தாண்டியிருக்க வேண்டும். பள்ளிக்குப் போய் அதற்குக் கீழே வரும் பிள்ளைக்கு இந்தக் கெடுபிடி இல்லை. இது எனக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

வாய்மொழிப் பயிற்சியில், "பள்ளி உணவகத்தில் நீ பார்த்த சம்பவம் ஒன்றைச் சொல்" என்றேன்.

"நான் பள்ளி உணவகமே பார்த்ததில்லையே, சார்."

சரி, தேக்கா சந்தையைப் பற்றிச் சொல் என்றேன். பாட்டி ஆட்டுக்கறிக்குப் பேரம் பேசியதை நிறுத்தாமல் ஐந்து நிமிடம் சொன்னான். அத்தனையும் பாட்டியின் தமிழ்!

கோவை அம்மா:
உங்கள் ஊரில் கேட்கவாவது ஆள் இருக்கிறது. ஐந்து வருடமாக மகளுக்கு நானே சொல்லித் தருகிறேன். இதுவரை ஒருவர்கூட வந்து எட்டிப் பார்த்ததில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பேசுகிறது, வீட்டுக்கல்வி பற்றித் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. 14 வயதானால் என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது எழுதலாம் என்ற தைரியத்தில் ஓட்டுகிறோம்.

யாரும் கேட்காதது முதலில் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு எங்களைப் போலவே வீட்டில் படிக்க வைக்கும் இன்னொரு குடும்பத்தைப் பார்த்தேன். பையனுக்குப் பத்து வயது, கடைப் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படித்தான். "ஆர்வம் வரும்போது தானா படிப்பான்" என்றார் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை. நானும் வீட்டுக்கல்விக்காரி, எந்த முகத்தோடு கேட்பது? தேர்வெல்லாம் வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை ஒரு டீச்சர் வந்து அரை மணி நேரம் பிள்ளையோடு பேசிவிட்டுப் போனாலே போதும்.

அது போகட்டும், உங்கள் பையன் தேறினானா?

ஈசூன்வாசி:
தாண்டிவிட்டான். தமிழில்தான் அவனுக்கு அதிக மதிப்பெண். அம்மா அந்தக் கோப்பை இன்னும் தூக்கிப் போடவில்லை. அடுத்து தங்கை இருக்கிறாள்.