தபாலில் சுற்றிய கணிதப் புத்தகங்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

வணக்கம். 29 வருடம் கல்லூரியில் கணிதம் எடுத்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். கணித ஆசிரியர் சங்கம் என்றால் சந்தா, ஆண்டுக் கூட்டம், நற்சான்றிதழ் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை மாற்றிய ஒரு சந்திப்பை எழுதுகிறேன். உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் கெடாவில் ஒரு சின்னக் கல்லூரியில் போட்டார்கள். கணிதத்துக்கு நான் ஒருவன்தான். மற்ற பாடம் எடுப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள், மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம், ஆனால் ஒரு நிரூபணத்தில் பாதியில் நின்றுவிட்டால் வாய்விட்டுக் கேட்க ஓர் ஆள் கிடையாது. சனிக்கிழமை ஆனால் பேருந்து ஏறிப் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, அப்புறம் ஜெலுத்தோங். எனக்குப் படிவம் ஆறில் கணிதம் எடுத்த சார் அங்கே இருந்தார். சென்னையில் படித்துவிட்டு இங்கே வந்தவர். ஒரு தடவை நான் ரொம்பப் புலம்பியதைக் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பழைய தொகுதியை எடுத்து மேசையில் வைத்தார். முதுகுத் தோல் உரிந்து தையல் நூல் வெளியே தெரிந்தது. பிரித்தால் பாச்சா உருண்டை வாசம். "தனியா இருக்கேன்னு சொல்றியே தம்பி, இதை ஆரம்பிச்சவர் எங்க உட்கார்ந்து ஆரம்பிச்சார் தெரியுமா?" என்று கேட்டார்.

அது இந்தியக் கணிதக் கழகத்தின் இதழ். ஆரம்பித்தவர் வி. ராமசாமி ஐயர். அப்போது அவர் எந்தக் கல்லூரியிலும் பேராசிரியர் இல்லை, துணை கலெக்டர். அன்றைய சென்னை மாகாணத்தில் அனந்தப்பூர் பக்கம் குத்தி என்று ஓர் ஊர், மலைக்கோட்டையும் ரயில் சந்திப்பும் உள்ள இடம், அங்கேதான் வேலை. 1907 ஏப்ரலில் 20 பேரோடு 'அனலிட்டிக் கிளப்' என்ற பெயரில் தொடங்கினார். நோக்கம் ரொம்ப எளிது. வெளிநாட்டுக் கணித இதழ்களையும் புத்தகங்களையும் ஒருவர் சம்பளத்தில் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கி, ஒருவர் படித்ததும் அடுத்தவருக்குத் தபாலில் அனுப்புவது. நூலகம் புனேயில் ஃபெர்குசன் கல்லூரியில் இருந்தது. 1909-இல் சொந்த இதழ் வந்தது, 1910-இல் இந்தியக் கணிதக் கழகம் என்று பெயர் மாறியது, 1916-இல் சென்னையில் முதல் மாநாடு. 1933-இல் கல்லூரி மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனதில் வைத்துத் தனியாக இன்னோர் இதழும் தொடங்கினார்கள்.

சார் அன்று குரலைத் தாழ்த்திச் சொன்னது 1910-இல் நடந்தது. ஐயர் திருக்கோவிலூரில் வேலை பார்த்தபோது கும்பகோணத்துப் பையன் ஒருவர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு, ஏதாவது குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று கேட்டு வந்தார். ராமானுஜன். நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயருக்கு, வருவாய்த் துறையில் கடைசிப் படியில் உட்கார வைத்து இந்த அறிவை அமுக்கிவிட மனம் வரவில்லை. சென்னையில் இருந்த தன் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படித்தான் அவர் கணிதப் பேராசிரியர் சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார். மறு வருடமே கழகத்தின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது, பெர்னூலி எண்களைப் பற்றி. தபாலில் புத்தகம் மாற்றிக்கொண்ட பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை ஐயர் யாருக்கு எழுதியிருப்பார்? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை.

செந்தூல், கோலாலம்பூர்

ஐயா, வணக்கம். நான் இங்கே விரிவுரையாளராக இருக்கிறேன். என்னுடைய அனுபவம் கொஞ்சம் வேறு.

எங்கள் தாத்தா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போட சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தார், ஆனால் சாகிறவரைக்கும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மழை நாளில் மட்டும் இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் போனால் "போம்மா, போய்ப் படி" என்பார்.

சில வருடத்துக்கு முன்னால், ஒரு கருத்தரங்குக்காக நம் நாட்டுக் கணிதச் சங்கத்தின் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நம் சங்கம் 1970-இல் வந்தது, அதற்கு முன்னால் 1952-இல் சிங்கப்பூரில் மலாயாக் கணிதச் சங்கம் என்று ஒன்று இருந்தது, அதுதான் இன்றைய சிங்கப்பூர்க் கணிதச் சங்கம். மலாயாப் பல்கலைக்கழகமே 1949-இல் அங்கேதான் தொடங்கியது, இங்கே கோலாலம்பூரில் லெம்பா பந்தாய்க்கு அது வந்தது அப்புறம்தானே, 1962-இல்தான் இரண்டு ஊரிலும் தனித்தனிப் பல்கலைக்கழகம் ஆனது. சரி, 1952-இல் தலைவர் யார் என்று பார்த்தால் அலெக்சாண்டர் ஒப்பன்ஹைம். இருபடி வடிவங்களை (x²+y²−z² போன்ற கோவைகளை) பற்றிய அவருடைய ஊகத்தைப் படித்திருக்கிறேன், 1929-இல் அவர் சொன்னதை 1980களில்தான் மார்குலிஸ் என்ற கணிதவியலாளர் நிரூபித்தார். ஆனால் மனிதரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. 1931-இல் ராஃபிள்ஸ் கல்லூரியில் பாடம் எடுக்க வந்தவர். சிங்கப்பூர் சப்பான்காரனிடம் விழுந்ததும் போர்க்கைதியாக அங்கே சாங்கி முகாமில் அடைக்கப்பட்டார். கைதிகள் தங்களுக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம் நடத்தினார்கள், அதற்கு அவர் டீன். அப்புறம் அவரையும் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை. தாத்தாவும் அவரும் ஒரே முகாமில் இருந்திருக்கவே வேண்டாம், அவர்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அதே பாதையில் மண் சுமந்துவிட்டு வந்த ஒருவர், ஏழு வருடத்தில் கணித ஆசிரியர்களைக் கூட்டி உட்கார வைத்து ஒரு சங்கத்துக்குத் தலைவராகியிருக்கிறார். ஒரு பக்கம் கேட்டவர்களுக்கு ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சுருக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன்.

பட்டர்வொர்த்

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

நான் மெட்ரிகுலேஷன் (இங்கே பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். ஐயா சொன்ன அந்த இதழில் வாசகர்கள் கேள்வி அனுப்புவார்கள், மற்ற வாசகர்கள் விடை அனுப்புவார்கள். 1911-இல் ராமானுஜன் அனுப்பியது கேள்வி எண் 289. வர்க்க மூலத்துக்குள் வர்க்க மூலமாகப் போய்க்கொண்டே இருக்கும்: √(1+2√(1+3√(1+4√…))). மதிப்பு என்ன? ஆறு மாதம் போல ஆகியும் யாரும் விடை அனுப்பவில்லை, கடைசியில் அவரே எழுதினார். விடை 3.

இதை வகுப்பில் போட்டுப் பார்த்தேன். விடையைச் சொல்லவில்லை. உடனே எல்லாரும் கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பித்தார்கள். முதல் அடுக்கில் நிறுத்தினால் 1.73, அடுத்தது 2.24, அப்புறம் 2.56, 2.76. "சார், 3-க்குப் போகுது, ஆனா ஏன்?" என்றாள் ஒரு பிள்ளை. வெள்ளைப் பலகையில் 3 = √9 = √(1+2×4) என்று மட்டும் எழுதிவிட்டு மார்க்கரைக் கீழே வைத்தேன். பின் வரிசையில் இருந்த பையன், வாயே திறக்காதவன், எழுந்து வந்து 4 = √16 = √(1+3×5) என்று எழுதினான். அப்புறம் 5 = √(1+4×6). எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மணி அடித்தும் நான்கைந்து பேர் போகவில்லை. (எல்லையைச் சரியாக நிரூபிக்க இது மட்டும் போதாது, அதை அடுத்த வாரம் செய்தோம்.)

அன்றிலிருந்து மாதம் ஒரு கேள்வி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். பதில் வராவிட்டாலும் அவசரப்பட்டு விடை போடுவதில்லை.

செராஸ், கோலாலம்பூர்

நான் முன்பு இருந்த ஒரு தனியார் கல்லூரியில் கணித மாநாட்டுக்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்டதற்கு, "அது ஆராய்ச்சி செய்றவங்களுக்கு, நீங்க பாடம் எடுக்கிறவங்கதானே" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தை ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலும் இதே வாக்குவாதம் நடந்திருக்கிறது. ஃபிங்கல் என்ற ஆசிரியர் 1894-இல் ஆசிரியர்களுக்காக ஒரு மாத இதழ் தொடங்கினார். பிற்பாடு அதை ஏற்று நடத்தச் சொல்லி அமெரிக்கக் கணிதக் கழகத்தைக் கேட்டபோது, ஆராய்ச்சிதான் எங்கள் வேலை என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அதனால் 1915 டிசம்பரில் ஒஹாயோவில் கொலம்பஸ் நகரத்தில் கூடி, கல்லூரிக் கணிதத்துக்கென்றே தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். நூறு வருடம் தாண்டி நடக்கிறது, அந்த இதழும் நிற்கவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அடுத்த மாநாட்டுக்கு என் சொந்த விடுப்பில் போனேன்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

செந்தூல் தங்கச்சி, அந்த ஆறு பக்கத்தை எனக்கு அனுப்பிவையம்மா. பட்டர்வொர்த் தம்பி, அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள்.

சார் காலமான பிறகு அவர் வீட்டம்மா அந்த அலமாரிப் புத்தகங்களை எனக்கே கொடுத்துவிட்டார்கள். பூட்டி வைக்க மனம் வரவில்லை. 14 தொகுதிகளைப் பழுப்புத் தாள் அட்டை போட்டு ஒரு பெட்டியில் அடுக்கிச் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். ஒருவருக்கு ஆறு வாரம், தபால் செலவு அனுப்புகிறவருடையது, உள்ளே ஒரு நோட்டு இருக்கிறது, படித்தவர் தேதி போட்டு இரண்டு வரி எழுத வேண்டும். பெட்டி இப்போது ஈப்போவில் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் கிளம்பும். அடுத்து செராஸா, பட்டர்வொர்த்தா? முகவரியை எனக்குத் தனியாக அனுப்புங்கள், மழைக்காலம், பிளாஸ்டிக் சுற்றித்தான் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.